பெயர் போடாத படம்

எங்கள் சேவைச் சங்கத்தில் யாராவது புதிதாகச் சேர்ந்தால், அவர் என்ன தொழில் செய்கிறார் என்று பார்த்து முதல் கூட்டத்திலேயே ஒரு வேலையைத் தலையில் கட்டிவிடுவார்கள். பல் டாக்டர் என்றால் பள்ளிக்கூட முகாம். பாத்திரக் கடைக்காரர் என்றால் சாப்பாட்டுப் பொறுப்பு. நான் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும், பட்டுப் புடவைக் கடைகளுக்கு அட்டைப் பெட்டியும் அடித்துப் பிழைக்கிறவன். அதனால் சங்கத்தின் வாராந்திர மடல் என்னிடம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கம், வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அடித்து, மடித்துக் கொண்டுபோக வேண்டும். அதையே கைப்பேசிக் குழுவிலும் போட வேண்டும்.

வியாழக்கிழமை ஏழரை மணிக்கு ஓர் ஓட்டலின் மாடி ஹாலில் கூடுவோம். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் கல்யாணப் புடவை எடுக்க வந்த வெளியூர்க் குடும்பங்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு இடத்துக்கு அடித்துக்கொள்ளும். மேலே நாங்கள் மணி அடித்து, எழுந்து நின்று, உறுதிமொழி சொல்லி, உட்காருவோம். அந்த வாரம் பிறந்தநாள் கொண்டாடியவருக்குக் கைதட்டல். திருமண நாள் கொண்டாடிய தம்பதிக்கு ஆளுக்கொரு ரோஜா. பிறகு யாராவது ஒரு நிபுணர் கொழுப்பைக் குறைப்பது பற்றிப் பேசுவார். நாங்கள் பின்னால் வந்து இறங்கும் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவோம். கேலி செய்கிறேனே தவிர, எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கடையில் உட்கார்ந்திருக்கும்போது வராத ஒரு பெரிய மனுஷத்தனம் அந்த மாடிப்படி ஏறியதும் வந்துவிடும். அதில் மயங்காதவர் எங்களில் யாரும் இல்லை.

செய்த சேவைக்கெல்லாம் படம் வேண்டும் என்பது சங்கத்தின் எழுதாத சட்டம். படம் இல்லையென்றால் மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்ப முடியாது. அறிக்கை போகாவிட்டால் செய்ததே கணக்கில் வராது. அந்தப் படங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தையல் மெஷினைப் பதினொரு பேர் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். மெஷினை வாங்கிக்கொள்கிற பெண்மணி ஓரத்தில் பாதி முகமாக இருப்பார். சில படங்களில் ஒரு கை மட்டும்தான் தெரியும். ‘இந்தக் கண்றாவியை நான் அச்சடிக்க மாட்டேன், உதவி பெறுகிறவர் முகம்தான் முதல் பக்கத்தில் வர வேண்டும்’ என்று ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு என்னைவிட நல்லவன் காஞ்சிபுரத்தில் கிடையாது என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன். அந்தப் பழைய படங்களின் கூட்டத்தில் ஒருவர் சுலபமாக ஒளிந்துகொள்ளலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வருஷம் கண் சிகிச்சை முகாமைத் தென்னேரி ஏரிக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தோம். பெயர் பதிகிற மேஜையில் நான் இருந்தேன். காலையில் முதல் ஆளாக வந்தவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதரும் அவர் மனைவியும் இருந்தார்கள். விலாசம் கேட்டதும் அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தென்னேரியில் யாரோ சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைச் சொன்னார். தொழில் என்று கேட்டதும் இரண்டு பேரும் பேசவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“தறிதான் சார்,” என்றார் அவர் மெதுவாக. “பிள்ளையார்பாளையத்துல இருக்கறோம். பட்டு நெய்யறோம்.”

“டவுன்லேர்ந்தா இவ்ளோ தூரம் வந்தீங்க? ரெண்டு மாசம் முன்னாடி அங்கியே ஒரு முகாம் நடந்துச்சே!”

“தெரியும் சார். அங்க வந்தா தெரு முழுக்கப் பாக்கும். முதலாளி காதுக்குப் போச்சின்னா பாவு குடுக்க மாட்டாரு.” பாவு என்பது தறியில் ஏற்றுகிற நீள நூல். ஒரு பாவுக்கு மூன்று புடவை வரும். கையிலிருந்த மூன்றையும் கொடுத்துவிட்டு, சொந்தத்தில் கல்யாணம் என்று பொய் சொல்லி, அடுத்த பாவு வாங்குவதற்குள் கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு போய்விடலாம் என்பது அவர் திட்டம். இரண்டு பேருமாக எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தார்களோ.

எத்தனை நாளாகப் பார்வை மங்கல் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. “வலது கண்ணு ரெண்டு வருஷமா சார்,” என்றார். எழுதிக்கொண்டேன். எழுந்து போகும்போது மேஜைமேல் கையை ஊன்றிக் குனிந்து, “சார், என் பேரு எங்கியும் வராதில்ல?” என்று கேட்டார்.

“வராதுங்க. நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

இதைச் சொன்னவன் நான்தான். வேறு யாரோ சொன்னதாக இருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவேன்.

தேர்வானவர்களைச் சங்கமே பஸ் வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனது. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலை கட்டுப் பிரிக்கிற நேரத்துக்கு நானும் போயிருந்தேன். வரிசையாக உட்காரவைத்துப் பிரித்துக்கொண்டே வந்தார்கள். இவர் முறை வந்தது. நர்ஸம்மா இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இவர் விரலைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்ற மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணுக்கு முன்னால் விரித்துப் பார்த்தார். சாதாரண நூல் புடவை. “இழை தெரியுது, இழை தெரியுது” என்று சிரித்தார். அந்த அம்மா இழுபட்ட முந்தானையோடு வெட்கமும் அழுகையுமாக நின்றார். நான் கைப்பேசியைத் தூக்கினேன்.

என் ஆயுளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அது. எடுக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை; சொன்னால் முகம் மாறிவிடும் என்று நினைத்தேன். எடுத்த பிறகும் காட்டவில்லை. அவர் கேட்டுக்கொண்டது எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை. புதன்கிழமை பக்கம் கட்டும்போது நன்றாக ஞாபகம் இருந்தது. பெயர் வரக்கூடாது என்றுதானே கேட்டார், பெயர் போடாவிட்டால் போயிற்று என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். முதல் பக்கத்தில் பாதியளவுக்குப் படம். கீழே ‘இழை தெரிகிறது’ என்று இரண்டே சொல். எழுத்துருவைக்கூட மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மடலை எல்லோருக்கும் கொடுத்தோம். எங்கள் சங்கத்தில் பட்டுக் கடை வைத்திருப்பவர்கள் நான்கைந்து பேர். அதில் ஒருவர் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். சங்கம் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத மனிதன். கண் முகாமுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்குச் சாப்பாடு போட்டதே அவன்தான். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அள்ளும் என்பதால் முகாமுக்கு அவன் வரவில்லை. மடலைப் பிரித்தவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். “டேய், இது நம்ம ஆளாச்சே!” என்று எழுந்து நின்றான். “நம்ம தறிக்காரருபா. பதினஞ்சி வருஷமா எனக்குத்தான் நெய்துக்கினு இருக்காரு!” என்றான். ஹாலே கைதட்டியது. நானும் பூரித்துப்போனேன். உட்கார்ந்த பிறகு என் பக்கம் சாய்ந்து, “எப்போலேர்ந்து கண்ணு தெரியலையாம்?” என்று கேட்டான்.

“ரெண்டு வருஷமாபா. அதோடவே நெய்துக்கினு இருந்திருக்காரு பாரேன்.”

அவரைப் புகழ்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னேன். சிநேகிதன் தலையை ஆட்டினான். மடலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டில் காட்டுவதற்கு எடுத்துப்போகிறான் என்று எனக்குச் சந்தோஷம்.

மாவட்ட மாநாட்டில் அந்தப் படத்துக்குக் கேடயம் கிடைத்தது. மேடையேறி வாங்கிக்கொண்டு வந்தேன். மாலை, பொன்னாடை, கைகுலுக்கல் எல்லாம் நடந்தது. திரும்பும் வழியில் வாலாஜாபாத்தில் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருஷத்துக்கு என்னையே செயலாளராகப் போடுவது என்று அந்த டீக்கடையிலேயே முடிவாகிவிட்டது.

பதவியேற்பு விழாவை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தோம். புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்துக் காரை உள்ளே விட்டேன். நீலச் சீருடையில் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். “இப்டி உடுங்க சார், லெப்ட்ல, இன்னும் வரலாம்” என்று கையைக் காட்டினார். இறங்கின பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டார்.

“இங்க இன்னா பண்றீங்க?” என்று கேட்டேன். பார்த்தாலே தெரிகிறதே, என்ன முட்டாள் கேள்வி.

“முகூர்த்த நாள்ல இங்க சார். மத்த நாள்ல ஏனாத்தூர்ல காலேஜ் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல வாட்ச்மேன்.”

“தறி?”

“ஊட்ல அவ மட்டும் நெய்யறா சார். ஒரு ஏஜென்ட் சாதா புடவைக்குப் பாவு குடுக்கறாரு. அதுக்கு ஒரு ஆளு போதும்.” உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று இரண்டையும் நூலுக்கு நூல் பிணைக்கிற கோர்வைப் புடவைக்குத்தான் இரண்டு பேர் வேண்டும். அவர் தறிக்குள் உட்கார்ந்து நெய்ய, மனைவி பக்கத்திலிருந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளுவாராம். அப்படித்தான் பதினைந்து வருஷம் ஓடியிருக்கிறது.

மனைவியை உள்ளே போகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஊர்க்கதை சொல்கிற மாதிரி சொன்னார்.

“முதலாளி திட்டல்லாம் இல்ல சார். பாவு ரெடியாகலபா, அடுத்த வாரம் வான்னாரு. அடுத்த வாரமும் அதேதான் சொன்னாரு. அப்புறம் கடைப் பசங்க சொன்னாங்க, நான் குடுத்த புடவைங்கள எல்லாம் பிரிச்சி வெளிச்சத்துல வெச்சிப் பாத்துக்கினு இருந்தாருன்னு. அதோட தெரிஞ்சிக்கினேன்.”

“வேற கடையில கேட்டுப் பாக்கலையா?”

“கேட்டேன் சார். எல்லாருக்கும் போன்ல வந்திருக்குது. படம் நல்லா இருக்குதுன்னாங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு கார் உள்ளே நுழைந்தது. “இப்ப கண்ணு சூப்பரா தெரியுது சார். அதோ கேட்டாண்ட நிக்குதே, அந்த வண்டி நம்பரைக்கூட இங்கேர்ந்தே படிப்பேன்,” என்று சொல்லிவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார். உண்மையிலேயே அது நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு ஆறுதல் சொன்னாரோ என்னவோ.

உள்ளே மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வலது கையை நீட்டி, தன்னலம் கருதாமல் சேவை செய்வேன் என்று மைக்கில் உறுதிமொழி சொன்னேன். குரல் நடுங்கியது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கூப்பிட்டவர்களோடெல்லாம் நின்று படம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், தட்டோடு சிநேகிதன் பக்கத்தில் போய் நின்றேன். வாரம் முழுக்க ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன்.

“உங்க தறிக்காரரை மண்டபத்துல பாத்தேன்பா. கார் நிறுத்திக்கினு இருக்காரு.”

“தெரியும்.”

“கண்ணு இப்ப நல்லா ஆயிடுச்சி. பாவு குடுக்கலாமேபா?”

அவன் கேசரியைக் கிளறிக்கொண்டே சொன்னான்: “ரெண்டு வருஷம்னு நீதானபா சொன்ன? ரெண்டு வருஷமா அவரு நெய்ததெல்லாம் கல்யாணப் புடவை. பொண்ணு ஊட்டுக்காரங்க ஜன்னலாண்ட எடுத்துக்கினு போயி, விரிச்சி விரிச்சிப் பாப்பாங்க. கடையில இருந்ததை எல்லாம் நானே உக்காந்து பாத்தேன். ஒண்ணுல கோர்வை ரெண்டு எடத்துல விட்டிருந்துச்சி.”

“கோர்வை விடறது எல்லாருக்கும் வர்றதுதானே?”

“வரும்தான். ஆனா என்கிட்ட மறைச்சாரு பாரு. பதினஞ்சி வருஷம்பா.” அவன் குரலிலும் வருத்தம் இருந்தது. அவனை வில்லனாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. “சரி உடு. சங்கத்துல வியாபாரம் பேசக்கூடாதுன்னு நீயே ரூல்ஸ் படிக்கிறவன்.” தட்டைக் கீழே வைத்தவன் ஏதோ ஞாபகம் வந்த மாதிரித் திரும்பினான். “ஆமா, தீபாவளிக்குப் பெட்டி எப்ப வருது?”

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். அவர் பயந்துபோய்த்தான் மறைத்தார், நான்தான் வாக்குக் கொடுத்து மீறினேன், என் முகத்துக்காகவாவது ஒரு பாவு கொடுத்துப் பார் என்று கேட்டிருக்கலாம். வாயில் வந்து நின்றது. என் அச்சகத்தில் ஓடுகிற பெட்டி வேலையில் பெரும்பாதி அவன் கடையுடையது.

“வர்ற வாரம் குடுத்துடறேன்பா,” என்றேன்.

படம் போட்டது அவசரம், கர்வம், என்னவேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பதிலுக்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

இந்த வருஷம் செயலாளர் என்ற அதிகாரத்தில், கண் முகாமைப் பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்திலேயே வைக்க ஏற்பாடு செய்தேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி இரண்டு நாள் தெருத்தெருவாகச் சொன்னோம். மூன்று நாளில் வந்து பெயர் கொடுத்தவர்களில் தறிக்காரர் ஒருவர்கூட இல்லை. தறி ஓடாத வீட்டுக்காரர்கள் வந்தார்கள். காய்கறி விற்பவர்கள் வந்தார்கள். பஸ்ஸில் வெளியூரிலிருந்தும் வந்தார்கள். “அந்த ஜனங்களுக்குக் கண்ணு ஸ்ட்ராங்குபா!” என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் எங்கள் தலைவர் சிரித்தார். தறி வைத்திருப்பவர்களில் ஐம்பது தாண்டிய பாதிப் பேருக்காவது கண்ணில் பிரச்சினை இருக்கும் என்று முகாம் டாக்டர் போன வருஷமே என்னிடம் சொல்லியிருந்தார். அவர்கள் ஏன் வரவில்லை என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முகாமுக்கு முந்தின நாள் சனிக்கிழமை பகலில், வீடு வீடாகப் போனேன். எல்லோரும் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கண் நன்றாகத் தெரிகிறது என்றார்கள். எதற்காகத் தெருத்தெருவாக அலைகிறேன் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தேன்.

கதவு திறந்திருந்தது. அவர் ஏனாத்தூருக்கு வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து, பாவின்மேல் முகம் படுகிற அளவுக்குக் குனிந்திருந்தார். அறுந்துபோன ஓர் இழையைத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கண்ணால் தேடவில்லை. விரல்தான் நூல் நூலாகத் தடவிக்கொண்டே போனது. வாசலில் நல்ல வெயில். நான் நான்கடி தூரத்தில் நின்றேன்.

“யாரு, கரண்ட்டு ரீடிங்கா?” என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தே கேட்டார்.

யார் என்று சொன்னேன். விரல் நின்றுவிட்டது. “வாங்க சார், உக்காருங்க,” என்றார். நான் உட்காரவில்லை.

“அம்மா, நாளைக்கு முகாமு. நீங்க அங்க வர வேணாம். நான் தனியா உங்கள மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போறேன். யாருக்கும் தெரியாது. போட்டோ இல்ல, பேரு இல்ல, எங்க சங்கத்துக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.” “அன்னைக்கு நான் பண்ணது தப்புமா. பெரிய தப்பு.”

“அய்யய்ய, நீங்க இன்னா சார் பண்ணீங்க? நல்லதுதான பண்ணீங்க,” என்றார் பதறிப்போய். பிறகு தெருவில் ஒரு வண்டி போய் முடிகிறவரை காத்திருந்தார்.

“எனக்குக் கண்ணு நல்லா தெரியுது சார்.”

“அம்மா...”

“நல்லா தெரியுது. இந்த ஏஜென்ட்டும் உங்க சங்கத்துக்கு வர்றவரு போலருக்குது.” குரல் தாழ்ந்தது. “யாராச்சும் உங்களைக் கேட்டாங்கன்னா, அந்த அம்மாவை நேர்ல பாத்தேன், கண்ணு நல்லா இருக்குதுன்னு சொல்லிடுங்க சார். நீங்க சொன்னா நம்புவாங்க.”

மறுபடியும் குனிந்து இழையைத் தேட ஆரம்பித்தார். நான் வாசல்படியிலேயே நின்றேன்.

“சொல்றேன்மா,” என்றேன்.